பசையில்லாத ஒட்டும் என் துடைதுணியும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கல்லூரியில் இது எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஆய்வகத்தில் கண்ணாடிக் குவளைகளைக் கழுவி வைக்கிறேன். கழுவி வைத்ததை யாராவது அழுக்குக் கையால் தொட்டால், ஆள் யாரென்று பார்க்க மாட்டேன். துறைத்தலைவரையே ஒருமுறை கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் சுத்தம் என்றால் நான்தான் என்று ஒரு திமிர் இருந்தது. அது உடைந்த கதை இது. அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

கல்லூரி நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. என் வீடு குலசேகரம் பக்கம். வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் ரப்பர் மரங்கள். விடிந்ததும் கணவர் பால் வெட்டுவார். நான் பாத்திரங்களில் உறைய ஊற்ற ஒத்தாசை செய்துவிட்டு, குளித்து, ஏழரை பஸ்ஸைப் பிடிப்பேன். இதில் விசேஷம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான் வேலைக்குப் போகிறார்கள்.

ஆய்வகத்தில் அப்போது முனைவர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தவள் தேங்காய்ப்பட்டணத்துப் பெண். முப்பதைத் தாண்டியவள். மூன்று வயது மகளைத் தன் உம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருவாள். கணவர் துபாயில். அவளுக்குக் கொடுத்த காலம் முடிந்து, ஒரே ஒருமுறை தரும் நீட்டிப்பும் தந்தாகிவிட்டது. மே மாதம் மதிப்பீட்டுக் குழு வந்து பார்க்கும்போது வேலை முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் ஆறு வருடமும் வீண். அதோடு நிறுத்திவிட்டுப் புறப்பட்டு வா என்று கணவரும் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆறு வருடம் காத்திருந்த மனிதர் அப்படித்தான் சொல்வார்.

அவள் செய்துகொண்டிருந்தது ஒரு ஒட்டு. பசை கிடையாது, ஈரம் கிடையாது. கண்ணாடியில் வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், உரித்தால் கறையில்லாமல் வந்துவிடும், மறுபடி வைத்தால் மறுபடி பிடிக்கும். அழுக்கானால் தண்ணீர் ஊற்றினால் போதும், துடைக்கக்கூட வேண்டாம். இதை முதல் நாள் அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. பல்லியைப் பார்த்துச் செய்கிறது என்றாள். பல்லிக்குக் காலில் பசை இருக்கும், அதான் நிற்கிறது, இதற்கு ஒரு ஆராய்ச்சியா என்று கேட்டேன்.

"பசை இருந்தா தூசி ஒட்டும்லா அக்கா? ஒங்க வீட்டுப் பல்லி எப்பவாவது இருந்து கால் கழுவி பாத்திருக்கீங்களா?"

ஒட்டடையும் கரியும் பிடித்த எங்கள் அடுக்களைச் சுவரில் அது ஐம்பது வருடமாக ஓடுகிறது. நான் பார்த்ததில்லை. பார்த்தேன் என்றால், துடைப்பத்தால் விரட்டப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அவள் விளக்கியது எனக்குப் புரிந்த அளவில் இது. பல்லியின் பாதத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுவரை அவ்வளவு நெருங்கித் தொடுவதால், இரண்டு பொருள்கள் மிக அருகில் வரும்போது இயல்பாகவே இருக்கும் ஒரு சின்ன இழுப்பு வேலை செய்கிறது. ஒரு மயிரின் இழுப்பு ஒன்றுமே இல்லை. எல்லாம் சேர்ந்தால் பல்லியே தலைகீழாக நிற்கிறது. இனி சேம்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் தண்ணீர் நிற்காது, உருண்டு ஓடும், போகிற வழியில் தூசியையும் வாரிக்கொண்டு போகும். இலையின் மேல் நுண்ணிய மேடுகள் இருக்கின்றன, துளி அவற்றின் உச்சியில்தான் உட்காருகிறது, அடியில் காற்று. இந்தப் பிள்ளை பல்லியின் காலையும் சேம்பிலையையும் ஒரே துண்டில் கொண்டுவரப் பார்த்தாள். திரவமாக வரும் சிலிகோன் ரப்பரை ஓர் அச்சில் ஊற்றி, சூட்டில் இறுக வைத்து, உரித்தெடுக்க வேண்டும். அச்சு என்பது உள்ளங்கை அளவு கறுப்புக் கண்ணாடி போல ஒரு தகடு. அதில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் வரிசை வரிசையாக. பெங்களூரில் யாரிடமோ கெஞ்சிச் செய்து வாங்கி வந்தது. இருந்தது அது ஒன்றுதான்.

டிசம்பர் மாதம் முதல் துண்டு ஒழுங்காக வந்தது. தபால்தலை அளவுதான். அதை ஜன்னல் கண்ணாடியில் அழுத்தி, துண்டின் பின்பக்கம் இருந்த கொக்கியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டாள். விழும் என்று நான் கையை ஏந்திக்கொண்டு நின்றேன். விழவில்லை. நான் சாயா குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் தொங்கியது. பிறகு அவள் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். வாழைப்பழத் தோல் போல உரிந்து வந்தது. கண்ணாடியில் ஒரு அடையாளமும் இல்லை. இருபத்திரண்டு வருடம் கண்ணாடி துடைத்தவள் நான். எது ஒட்டினாலும் அடையாளம் விடும். நான் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. ஜன்னல் அழுக்காக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தேன்.

பிப்ரவரியில் எல்லாம் கெட்டது.

ஊற்றியது இறுகவில்லை. அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தாலும் மேல்பக்கம் கட்டியாகி, அச்சைத் தொடும் பக்கம் வேகாத களி போல இழுபட்டது. உரித்தால் பாதி குழிக்குள்ளேயே தங்கியது. ஒவ்வொரு முறையும் அச்சைக் காட்டமான திரவத்தில் ஊறப்போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுத்தத்துக்கும் அச்சு கொஞ்சம் சாகும். மூன்றாவது தடவை ஒரு மூலை தெறித்தது.

அடுப்பைச் சந்தேகப்பட்டார்கள், வேறு அடுப்பு. புட்டி பழசோ என்று புதுப் புட்டி. சிலிகோனை இறுக வைப்பது அதில் துளியளவு கலந்திருக்கும் பிளாட்டினம்; அதற்குக் கந்தகம் ஆகாது, பட்டால் செத்துப்போகும் என்று புட்டியோடு வந்த தாளிலேயே இருந்தது. அதனால் ரப்பர் கையுறை கூடாது, அதில் கந்தகம் உண்டு என்று அவள் முதல் நாளிலிருந்தே நீலக் கையுறைதான் போட்டாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனால் எனக்கு யாரையாவது குற்றம் சொல்லாமல் இருக்க முடியாது. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் முன்னால் வைத்தே சொன்னேன், இவள் இரண்டு திரவத்தையும் அளவு பார்த்துக் கலப்பதில்லை, மனசு வீட்டில் பிள்ளையிடம் கிடக்கிறது என்று. அவள் மறுநாளிலிருந்து ஒவ்வொரு கலவையையும் மூன்று தரம் எடை போட்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மார்ச் நடுவில் என் கணவருக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. ஐந்து நாள் விடுப்பு. திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நீங்க இல்லாத நேரம் ஒரு துண்டு நல்லா வந்திச்சு, கொள்ளாம்."

நான் இல்லாதது நல்லது என்று குத்திக் காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எப்படியும் அந்த ஒரு துண்டு இழுத்துப் பார்க்கும் சோதனையிலேயே கிழிந்து தீர்ந்தது. குழுவுக்கு ஒரே மாதிரி மூன்று வேண்டும். அடுத்து ஊற்றியது மறுபடியும் களி. அடுத்ததும். அவள் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோனாள். பஸ்ஸில் உட்கார்ந்து வேறு வேலைக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம் அவளுடைய மகளுக்குக் காய்ச்சல். அவள் வரவில்லை. வேலை இல்லாமல் இருந்தால் எனக்குக் கை அரிக்கும். ஆய்வகப் பதிவேட்டில் விட்டுப்போனதை எழுதலாம் என்று எடுத்தேன். எந்த நாள் என்ன ஊற்றினார்கள், யார் இருந்தார்கள் என்று எழுதுவது என் வேலை. புரட்டிக்கொண்டு வந்தபோது அந்த நல்ல துண்டின் நாள் வந்தது. அன்றைக்கு என் கையெழுத்து இல்லை, அவளுடையது. முன்னும் பின்னும் கெட்டுப்போன ஒவ்வொரு நாளிலும் என் கையெழுத்து.

முதலில் கோபம்தான் வந்தது. பதிவேட்டின் மேல் கோபம். மூடி வைத்தேன். மறுபடி திறந்தேன். நான் இருக்கும்போது மட்டும் என்ன நடக்கிறது? ஊற்றுவது அவள். கலப்பது அவள். நான் செய்வது ஒன்றே ஒன்று. கலக்கும் குவளையையும், அச்சின் ஓரங்களையும், அது உட்காரும் கண்ணாடித் தட்டையும் துடைத்து வைக்கிறேன்.

எதால் துடைக்கிறேன்?

ஆய்வகத்துக்கென்று தூசி விடாத தாள் பெட்டி பெட்டியாக வரும். அதை அளவாகப் பயன்படுத்தச் சொல்லியிருந்தார்கள். எனக்கும் ஒருதரம் துடைத்துத் தூரப் போடுவது பிடிக்காது. அதனால் கணவரின் பழைய வேட்டிகளைச் சதுரமாகக் கிழித்து, வாரம் ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுபோய், சோப்பு போட்டு, கொதிக்கும் வெள்ளத்தில், தண்ணீரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அலசி, வெயிலில் உலர்த்திக் கொண்டுவருவேன். அப்படி வெளுப்பாக இருக்கும். எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். நான் இல்லாத அந்த ஐந்து நாளும் அவள் தாளால் துடைத்திருப்பாள்.

துணி காயும் கொடி எங்கே கட்டியிருக்கிறது? இரண்டு ரப்பர் மரத்துக்கு நடுவில். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுவது எப்போது? தை கடைசி, மாசி. தளிரில் வெள்ளைப் பொடி போல நோய் பிடிக்காமல் இருக்க எங்கள் பக்கம் எல்லோரும் என்ன அடிக்கிறோம்? சல்பர். கந்தகப் பொடி. பனி இலையில் இருக்கும்போதே, காற்று கிளம்பும் முன்னே, முதுகில் மெஷினைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். மஞ்சள் புகை மரத்துக்கு மேலே எழும்பி மெதுவாக இறங்கும். பத்து நாளைக்கு ஒருமுறை நாலைந்து தரம். எங்கள் தோட்டத்தில் முடிந்தால் அடுத்தவன் தோட்டம். மெஷினில் பொடி கொட்டிக் கொடுப்பது நான்தான். குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். என்னை நான் கழுவினேன். கொடியில் கிடந்ததை யார் கழுவினார்கள்?

அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். தப்பாக இருக்க வேண்டும் என்று மனம் வேண்டியது. அதனால் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் செய்யாத காரியம். இரண்டு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் எடுத்தேன். ஒன்றைத் தாளால் துடைத்தேன், ஒன்றை என் துணியால். அவள் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் அந்த இரண்டு திரவத்தையும் பத்துக்கு ஒன்று கலந்து, இரண்டு கிண்ணத்திலும் ஒரே கலவையை ஊற்றி, ஒரே அடுப்பில், ஒரே தட்டில் வைத்தேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து ஈர்க்குச்சியால் தொட்டுப் பார்த்தேன். தாளால் துடைத்தது கிண்ணத்திலிருந்து முழுசாகத் துள்ளி வந்தது, தெளிவாக, வெள்ளம் போல. என் துணியால் துடைத்தது அடியில் சளி மாதிரி இழுபட்டது.

பயமும் வெட்கமும் வந்தன, சரி. ஆனால் முதலில் வந்தது அதுவல்ல. முதலில் வந்தது ஆச்சரியம். கண்ணுக்குத் தெரியாத ஒரு மஞ்சள் பொடி, துவைத்த துணியின் இழையில் ஒளிந்து, நாற்பது நிமிட பஸ்ஸில் வந்து, ஒரு பெண்ணின் ஆறு வருடத்தைக் கீழே தள்ளப் பார்த்திருக்கிறது. அது இருக்கிறது என்று இரண்டு கிண்ணம் சொல்லிவிட்டன. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கேட்டேன், கிண்ணம் பதில் சொன்னது.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஊருல எல்லாவனையும் கழுவு கழுவுன்னு சொல்லுவ. இப்பம் ஒனக்க துணியே ஒன்ன கவுத்துப் போட்டிச்சு, இல்லியா?"

சொல்லாமல் விட்டால் என்ன என்றும் யோசித்தேன். துணியை நிறுத்திவிட்டுத் தாளுக்கு மாறினால் போதும். துண்டு நன்றாக வரும், யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் மூன்று தரம் எடை போடுவதை நிறுத்த மாட்டாள். தன் கை சரியில்லை என்று சாகும்வரை நினைப்பாள். அதுவும் நான் பேராசிரியர் முன்னால் சொன்ன வார்த்தை. அவர் முன்னால்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும்.

மறுநாள் அவள் வந்ததும் பேராசிரியரையும் கூப்பிட்டு, இரண்டு கிண்ணத்தையும் மேசையில் வைத்துச் சொன்னேன். கொடி, சல்பர், துணி, எல்லாம். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். அவள் ஒரு விரலை ஒரு கிண்ணத்திலும் இன்னொரு விரலை மற்றதிலும் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு மாசமா நான் எனக்க கையத்தான் சந்தேகப்பட்டேன்," என்றாள்.

"ஒனக்க கை நல்ல கை, மக்கா. கெட்டது எனக்க துணியும் வாயும்."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கேட்டது வேறு. இது எப்போது செய்தது, யார் சொல்லித் தந்தது, இரண்டிலும் ஒரே புட்டியா, அடுப்பில் ஒரே தட்டா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் இருந்தது. நான் துணிகளை வாரிக் குப்பையில் போடப் போனபோது கையைப் பிடித்தாள்.

"ஒண்ணு எனக்கு வேணும். தூரப் போடாதீங்க."

அன்றைக்கே அச்சை ஊறப்போட்டுச் சுத்தம் செய்தோம். தெறித்த மூலை இன்னொரு தடவை தாங்குமா என்பதுதான் பயம். வீட்டில் தலைக்குக் கட்டும் துண்டு, பை எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். கல்லூரியில் உடை மாற்றினேன். குவளையை நான் தொடவில்லை. அவள் கலந்தாள். காற்றுக் குமிழி போக வைத்தாள். ஊற்றினாள். அடுப்பை மூடியதும் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். அவள் வாய்க்குள் ஓதினாள். நான் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

உரிக்கும்போது ஒரு சத்தம் வரும். சின்னச் சத்தம், புது நோட்டுப் புத்தகத்தின் ஒட்டிய பக்கங்களைப் பிரிப்பது போல. ஏப்ரல் மாதம் அந்தச் சத்தம் கேட்டது.

அந்தத் துண்டை நுண்ணோக்கியில் வைத்து, வந்து பாருங்கள் என்றாள். இத்தனை வருடம் அந்த நுண்ணோக்கிக்கு நான் தூசி தட்டியிருக்கிறேன், ஒருநாளும் கண்ணை வைத்ததில்லை. வைத்தேன். மலைமேலிருந்து ரப்பர் தோட்டத்தைப் பார்ப்பது போல இருந்தது. வரிசை வரிசையாக, ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில் மரங்கள். ஒவ்வொன்றின் உச்சியும் குடை போல விரிந்து தட்டையாக. முடிவே இல்லை. தட்டை நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தன. இவ்வளவும் என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும் என்றாள். நான் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் பேராசிரியர் நுண்ணோக்கிக்காகக் காத்து நிற்கிறார் என்று தெரியும். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் குழு வரும்போது ஒரே மாதிரி மூன்று துண்டுகள் இருந்தன. வந்த மூன்று பேரில் ஒருவருக்கு முகம் கடுகடு என்று. என்னைப் போல. பசை இல்லாத ஒட்டு பலர் செய்திருக்கிறார்கள், தூசி பட்டால் எல்லாம் செத்துப்போகும் என்றார். அவள் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவில் வாரி வந்த தூசியை எடுத்து, துண்டின் மேல் கொட்டித் தேய்த்தாள். கழுவுகிறவளுக்குத்தான் தெரியும் அந்த வலி. கண்ணாடியில் வைத்தாள். பிடிக்கவில்லை, வழுக்கிக் கீழே விழுந்தது. கடுகடு முகத்துக்காரர் பேனாவை எடுத்தார்.

அவள் துண்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, சொட்டுக் குழாயால் ஒரு துளி வெள்ளம் விட்டாள். துளி பரவவில்லை. முத்துப்போல உருண்டையாக ஒரு கணம் நின்றது. பிறகு உருண்டது. அது போன பாதை மட்டும் சுத்தமாக, கண்ணாடிபோல மின்னியது. துளி கீழே வந்தபோது சேறாக இருந்தது. அடுத்த துளி, அடுத்த பாதை. யாரும் துடைக்கவில்லை, தேய்க்கவில்லை, சோப்பு இல்லை. பத்துப் பன்னிரண்டு துளியில் அந்தத் துண்டு தன்னைத்தானே கழுவிக்கொண்டு நின்றது. துண்டு நனையக்கூட இல்லை. ஜன்னலில் வைத்து அழுத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டாள். பாட்டில் தொங்கியது.

அந்த மனிதர் பேனாவை மூடிவிட்டு எழுந்துபோய்ப் பாட்டிலுக்குக் கீழே கையை ஏந்திக்கொண்டு நின்றார். டிசம்பரில் நான் நின்ற அதே மாதிரி.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. இப்போது மகளோடு துபாயில் இருக்கிறாள், அங்கே ஓர் ஆய்வகத்தில் வேலை. போகும் முன்னே அவளுடைய ஆய்வேட்டை எனக்குக் காட்டினாள். ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம்தான் ஓடும். ஆனால் ஒரு பக்கத்தில் படம் இருந்தது. இரண்டு கிண்ணம். பக்கத்தில் மடித்து வைத்த ஒரு வேட்டித் துணி. எனக்குத் தீயாக வந்தது. என் வெட்கத்தை அச்சடித்து ஊருக்குக் காட்டுவியா, கிழித்துப் போடு என்று கத்தினேன்.

"வெக்கம் யாருக்க அக்கா? எல்லாரும் அடுப்பையும் புட்டியையும் பாத்துட்டு இருந்தோம். கண்டுபிடிச்சது யாரு?"

படத்தின் கீழே என் பெயர் இருந்தது. நான் கழுவிய எதிலும் என் பெயர் இருந்ததில்லை. பதிவேட்டை எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

கொடியை இப்போது வீட்டுக்குப் பின்னால், மாட்டுத்தொழுவத்துக் கூரைக்கு அடியில் மாற்றிக் கட்டியிருக்கிறேன். ஆய்வகத்துக்கு இனி துணி கொண்டுபோவதில்லை. மூன்று துண்டில் ஒன்றை அவள் எனக்குத் தந்துவிட்டுப் போனாள். அடுக்களைச் சுவரில் பதித்த டைல்ஸ் ஓட்டில் அதை அழுத்தி வைத்து, கொக்கியில் கரண்டியைத் தொங்கவிட்டிருக்கிறேன். தாளிக்கும் புகையும் எண்ணெயும் பட்டால் பிடி கொஞ்சம் தளரும். எண்ணெய் அதற்குப் பகை என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். அப்போது உரித்து, சோப்பு வெள்ளத்தில் ஒரு முக்கு முக்கி, நல்ல வெள்ளத்தை ஊற்றுவேன். துளிகள் ஓடுவதைப் பார்ப்பேன். ஓடி முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன், தேவையில்லாமல். சோறு பொங்கி வழிகிறது என்று கணவர் சத்தம் போடுவார். மேலே, கரி பிடித்த சுவரில் பல்லி நிற்கும். நான் அதைத் துடைப்பத்தால் விரட்டுவதில்லை. அது நடக்கும்போது காலைத்தான் பார்க்கிறேன்.